வாசலில் இரண்டு ஜோடி ஷூ

போன வாரம் போலீஸ் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து, "மேடம், டார்க் வெப்ல நாம யாருன்னு தெரியாம உள்ளே போறதுக்கு எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் டீ இடைவேளையில் அதே பிள்ளையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தன் படத்தைப் போட்டு, "ஆபரேஷன் ஆரம்பம்" என்று கீழே எழுதியும் வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் மறைக்கக்கூட இல்லை, இலையில் வைத்துப் பரிமாறிவிட்டார்.

இன்னொருவர், போதை மாத்திரை விற்கிறவனிடம் வாங்குகிறவன் மாதிரிப் பேச ஒரு பொய்ப் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பொய்ப் பெயர்க்காரர் காலை பத்து மணிக்கு வருவார். சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போவார். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை லீவு. எந்த ஊரில் ஐயா போதைக்காரன் ஆபீஸ் நேரம் பார்க்கிறான்?

வகுப்பில் நேரம் போதவில்லை, கோபம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதனால் எழுதியே தருகிறேன். இது டார்க் வெப் என்ற பெயரே எங்கள் காதில் விழாத காலத்து வழக்கு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். நான் வேலூரில் மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் இன்டர்நெட் கிடையாது. எழுத்து தெரிகிற டைப்ரைட்டர் ஒன்று இருந்தது, அதற்கும் சமயத்தில் ரிப்பன் இருக்காது.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். பியூலா என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அது இல்லை. அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுவது, அவர்கள் கேட்பதை முதலாளிக்குச் சொல்வது, சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பதில் போடுவது. தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவள் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தன் கஷ்டத்தைச் சொல்ல வந்தவள், நடுவில் இத்தாலிக்காரர் ஒருவர் தன் ஆங்கிலத்தைப் பாராட்டியதையும் சொன்னாள்.

கஷ்டம் இதுதான். யாரோ ஒருவன் கம்பெனி விழாப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டி, வேறொரு கேவலமான படத்தில் ஒட்டி, வெளிநாட்டு வெப்சைட் ஒன்றில் போட்டிருந்தான். வீட்டு போன் நம்பரும் விலாசமும் கூடவே. கண்ட நேரத்தில் போன் வந்தது. ஒருநாள் ஓசூரிலிருந்து ஒருத்தன் கேட் வரைக்கும் வந்து பெல் அடித்துவிட்டான். அப்பாதான் கதவைத் திறந்தார். இதற்கு நடுவில் அவளுக்கு மெயிலும் வந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். வேலையை விட்டு நின்றுவிடு, படத்தை எடுத்துவிடுகிறேன். நிற்காவிட்டால் அடுத்த திங்கள்கிழமை உங்கள் கம்பெனிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கே அனுப்புவேன்.

"வேலைய விட்டுடுன்னு நானும் சொல்றேன் மேடம். கேக்க மாட்டேங்குறா," என்றார் அப்பா.

"நான் ஏம்பா விடணும்? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள் அவள்.

அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பெண்ணின் பெயர் வெளியே வரக்கூடாது. வந்தால் அந்தத் தெருவில் அவர்கள் இருக்க முடியாது, சர்ச்சுக்குப் போக முடியாது. நான் வாக்குக் கொடுத்தேன். பெயர் வராது என்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் குற்றங்களுக்கான சட்டத்தின்படி அப்போது டி.எஸ்.பி.தான் விசாரணை அதிகாரி. நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். அந்தச் சுறுசுறுப்புதான் பேஜார். மெயில் எங்கிருந்து வருகிறது என்று எழுதிக் கேட்டதில், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கிற ஒரு பிரவுசிங் சென்டர் என்று பதில் வந்தது. "ரெண்டு பேரை மஃப்டில அனுப்பி உக்கார வைங்க," என்று உத்தரவு போட்டார். நான் அன்று கோர்ட்டில் இருந்தேன். அவர் ஆபீசிலிருந்தே ஒரு ஏட்டையும் ஒரு கான்ஸ்டபிளையும் அனுப்பிவிட்டார்கள்.

இருவரும் கட்டம் போட்ட சட்டை, பேன்ட், கையில் மஞ்சள் பை. மீசையைக்கூட ஏட்டு கொஞ்சம் குறைத்துக்கொண்டாராம். அவ்வளவு தியாகம்! ஆனால் காலில்? அரசாங்கம் கொடுத்த பழுப்பு ஷூ. காலையில் வழக்கம்போலப் பாலிஷ் போட்டது, முகம் பார்த்துத் தலை வாரலாம். சரி, மேஜைக்கு அடியில் மறைந்திருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. அந்தக் காலத்து பிரவுசிங் சென்டரில் ஏ.சி. போட்டு, கார்ப்பெட் விரித்து, "காலணிகளை வெளியே விடவும்" என்று எழுதி வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் ஒழுக்கமாகக் கழற்றி, படியேறியதும் கண்ணில் படுகிற மாதிரி, பரேடுக்கு நிற்பதைப்போல வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கே? ஆம்பூரில்! வேறு ஊராக இருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஆம்பூரில் பாதிப் பேர் ஷூவைத் தைக்கிறவர்கள், மீதிப் பேர் ஷூவைப் பற்றிப் பேசுகிறவர்கள். அந்த ஊரில் ஒருத்தனைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் காலைப் பார்ப்பார்கள். பிறகுதான் வணக்கம்.

சாயங்காலம் வரை இருவரும் உள்ளே உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஆடக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். "சந்தேகப்படுற மாதிரி யாரும் வரலீங்கம்மா," என்றார் ஏட்டு. வந்தவன்தான் வாசலோடு போய்விட்டானே! மறுநாள் காலை பியூலா ஒரு காகிதத்தோடு ஓடிவந்தாள். புதிதாக வந்த மெயில். நான் படித்ததை அப்படியே தருகிறேன்.

"போலீசுக்குப் போய்ட்டியா? வாசல்ல ரெண்டு ஜோடி நிக்குது. ஒரே அச்சு. டோ-ல சுருக்கம். ஹீல் ஒருபக்கமா தேஞ்சிருக்கு. சோல் ஒட்டினது சரியில்ல, ஒரு மழைக்குத் தாங்காது. இதைப் போட்டுகினுதான் என்னைப் பிடிக்க வர்றாங்களா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணை நாங்களே அவனிடம் காட்டிக் கொடுத்திருந்தோம். அவள் போலீசுக்கு வந்தது இனி ரகசியம் இல்லை. கோபத்தில் அவன் அன்றைக்கே படங்களை அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்போம்? ஏட்டைக் கூப்பிட்டு வாய் வலிக்கும்வரை திட்டினேன். அவர் தன் ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோல் உண்மையிலேயே பிரியுதும்மா," என்றார். அந்த மனுஷனை என்ன சொல்வது?

ஆனால் பியூலா அழவில்லை. காகிதத்தை இன்னொரு தடவை வாங்கிப் படித்தாள்.

"மேடம், இதை நான் தினமும் டைப் பண்றேன்," என்றாள்.

"எதை?"

"இதே மாதிரிதான். சரக்கு பொட்டில போறதுக்கு முன்னால ஒருத்தர் எடுத்துப் பாத்து குறை சொல்லுவாரு. முதல்ல முன்பக்கம், அதான் டோ, அப்புறம் ஹீல், கடைசில சோல். எங்க கம்பெனில அந்த வரிசைதான். வெளியாளு பாத்தா பழைய ஷூன்னு சொல்லிட்டுப் போய்டுவான் மேடம். இவரு ரிஜெக்ட் பண்றாரு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். போலீசைக் கண்டு ஓடுகிற அவசரத்தில்கூட, ஒரு மட்டமான ஷூவைப் பார்த்துவிட்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. தொழில் புத்தி. நீங்கள் முகமூடிக்காரனைத் தேடும்போது முகமூடியையே முறைத்துப் பார்க்காதீர்கள். மனிதன் எதைப் பார்த்தால் வாய் திறக்காமல் இருக்கமாட்டான் என்று பாருங்கள். உங்களையும் எதிராளி அப்படித்தான் பார்ப்பான்.

அந்தக் கம்பெனியில் சரக்கைச் சோதிக்கிறவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் மெயில் அனுப்பவும் தெரிந்தவர் ஒருவர்தான் என்றாள் பியூலா. அவளுக்கு முன்னால் வெளிநாட்டு மெயில்களைச் சமாளித்துக்கொண்டிருந்தவர் அவர். அவள் வந்ததும் முதலாளி அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவரை மறுபடியும் சரக்குப் பக்கம் அனுப்பிவிட்டார். சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது. "நான் சேந்த அன்னிக்கு ஆற்காட்டுலேர்ந்து மக்கன்பேடா ஸ்வீட் வாங்கியாந்து எல்லாருக்கும் குடுத்தவரு மேடம்."

அவருக்குப் பெயர் வேண்டாம். செக்கர் என்றே சொல்கிறேன்.

விஷயத்தைக் கேட்டதும் டி.எஸ்.பி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "வண்டியை எடுங்க. கம்பெனியிலயே வெச்சுத் தூக்கிடலாம்."

"ஐயா, இப்ப தூக்கினா 'ஷூ நல்லா இல்லைன்னு எழுதினது குத்தமா'ன்னு கேப்பான். நம்மகிட்ட வேற இன்னா இருக்கு? படத்தை எங்க வெச்சிருக்கான்னு தெரியாது. கம்பெனிக்குள்ள ஜீப் போனா எதுக்கு வந்தோம்னு சாப்பாட்டு மணிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்."

"திங்கக்கிழமை ஃபாரின்காரங்க வர்றாங்களேம்மா. அதுக்குள்ள அனுப்பிட்டான்னா?"

அது நியாயமான பயம். எனக்கும் அதே பயம்தான். பிடித்தால் வழக்கு நிற்காது, விட்டால் பெண் மானம் போகும். அன்று வெள்ளிக்கிழமை. அவன் அவளிடமிருந்து பதில் எதிர்பார்க்கிற வரைக்கும் அனுப்பமாட்டான், அனுப்பிவிட்டால் மிரட்ட அவன் கையில் ஒன்றும் இருக்காது என்று நான் வாதாடினேன். ஞாயிறு வரைக்கும் நேரம் கொடுத்தார்.

பதில் எழுத எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் முன்வந்தார். பியூலா எழுதுவதைப் போல எழுதுகிறேன் என்று உட்கார்ந்து, பெருமையோடு கொண்டுவந்து நீட்டினார். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து, "மேற்படி பொருள் தொடர்பாக" என்று நடுவில் வந்து, "தங்கள் உண்மையுள்ள" என்று முடிந்தது. மேற்படி பொருளாம்! இருபத்துநான்கு வயதுப் பெண் பயந்துபோய் எழுதுகிற கடிதமா அது, இல்லை கலெக்டர் ஆபீஸ் நினைவூட்டலா? அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பியூலாவையே எழுதச் சொன்னேன். அவள் வழக்கமாக எழுதுகிற இடத்திலிருந்து, வழக்கமான நேரத்தில், வழக்கமான இரண்டு வரி. "யோசிக்க டைம் வேணும். திங்கக்கிழமை காலைல சொல்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க." ஆசை காட்டாதே, வலை விரிக்காதே, பொய்யும் சொல்லாதே என்றேன். நாம் தூண்டிவிட்டுச் செய்ய வைத்த குற்றம் கோர்ட்டில் நம் கழுத்தைத்தான் பிடிக்கும்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து அவன் ஆம்பூர் சென்டருக்குப் போகமாட்டான் என்பது தெரிந்ததே. எங்கே போனாலும் பின்னாலேயே போகவேண்டும். இந்தத் தடவை ஆட்களை நானே தேர்ந்தெடுத்தேன். இரண்டு பெண் கான்ஸ்டபிள்கள். வரிசையாக நிற்க வைத்து, "காலைக் காட்டுங்கடி," என்றேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தியின் செருப்பு அன்று காலைதான் வாங்கியது. அதை மாற்றச் சொல்லி, வீட்டில் போடுகிற ரப்பர் செருப்பைக் கொண்டுவரச் சொன்னேன். என் செருப்பின் வாரில் ஏற்கனவே ஊக்கு குத்தியிருந்தது, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அவன் குடியாத்தம் பஸ் ஏறினான். என் ஆட்களில் ஒருத்தி குடியாத்தத்துக்காரி, லுங்கிக் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு சென்டருக்குள் அவன் போனான். போவதற்கு முன், வாசலில் கிடந்த செருப்புகளை நின்று நிதானமாகப் பார்த்தானாம். எல்லாம் ரப்பரும் தேய்ந்த சாண்டலும். உள்ளே போய் உட்கார்ந்தான். குடியாத்தத்துக்காரி பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "அண்ணே, பயோடேட்டா பிரின்ட் எடுக்கணும், ஒரு பக்கம் இன்னா ரேட்டு?" என்று உரக்கக் கேட்டாள். அவன் மெயில் திரையில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

சந்தில் காத்திருந்த நான் படியேறிப் போனேன். "எழுந்திரிக்காதே. கையை எடுத்து மடில வை," என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரும்பிக் குனிந்து என் காலைத்தான் பார்த்தான். வெறும் காலைப் பார்த்துவிட்டு, பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தான். சென்டர்காரர் பயந்துபோய், "மேடம், மெயின் ஆஃப் பண்ணிடட்டுமா?" என்று ஓடினார். நான் போட்ட சத்தத்தில் சந்தில் நின்ற ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரையில் இருப்பதை இருக்கிறபடியே சாட்சிகள் பார்க்கவேண்டும். அதுவரை யாரும் ஒரு பட்டனைத் தொடக்கூடாது. திரையில் பாதி எழுதிய பதில் இருந்தது. சட்டைப் பையில் இருந்த ஃபிளாப்பியில் படங்கள் இருந்தன. அந்த வெப்சைட்டைத் தவிர வேறு எங்கும் இல்லை என்று பிற்பாடு உறுதியானது.

இதுவரை எல்லாம் சரி. இங்கேயே முடிந்திருந்தால் உங்களுக்கு நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இனிமேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனை மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்த நான் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து டி.எஸ்.பி. ஆபீசில் நிருபர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். நம் துறையின் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. எதைப் பிடித்தாலும் மேஜையில் துணி விரித்து அடுக்கி, பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாவிட்டால் பிடித்த மாதிரியே இருக்காது. சென்டரில் கைப்பற்றிய கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்தார்கள். பின்னால் ஐயா. அவருக்கு இரண்டு பக்கமும், சத்தியமாகச் சொல்கிறேன், அதே ஏட்டும் அதே கான்ஸ்டபிளும், அதே பழுப்பு ஷூவோடு.

மறுநாள் பேப்பரைப் பார்த்தேன். பெயர் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வெளிநாடுகளுக்கு இ-மெயில் அனுப்பும் பணியிலுள்ள இளம்பெண். சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரின் மகள். தினமும் பஸ்ஸில் சென்று வருபவர்.

நேராகப் போய் டி.எஸ்.பி. மேஜையில் பேப்பரைப் போட்டேன். "ஐயா, இது இன்னாங்கய்யா?"

அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "பேரு சொல்லவேயில்லையேம்மா! நீங்க சொன்னீங்கன்னுதான் ரொம்ப ஜாக்கிரதையா இருந்தேன்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அந்த மனிதரிடம் கத்தி என்ன பிரயோஜனம்? அவர் கெட்டவர் இல்லை. பெயர் என்பது பெயர் மட்டும்தான் என்று நினைத்தார். ஒரு ஆளின் ஊர், வேலை, அப்பா, பஸ், இந்த நாலையும் கொடுத்துவிட்டால் ஐந்தாவதைப் பெட்டிக்கடைக்காரரே சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தோன்றவில்லை. நீங்களும் உங்கள் பொய்ப் பெயரை எப்படியெல்லாம் யோசித்து வைக்கிறீர்கள்! புகார் கொடுத்தவரின் உண்மைப் பெயரைக் காப்பாற்ற அதில் பாதி மூளையாவது செலவழிக்கிறீர்களா?

அந்த வாரக் கடைசியில் பியூலா ஸ்டேஷனுக்கு வந்தாள். தனியாக வந்தாள். முதலில் நன்றி சொன்னாள். அது எனக்குச் சாபம் மாதிரி இருந்தது.

"திங்கக்கிழமை போனேன் மேடம். ஃபாரின்காரங்க வந்தாங்க, மீட்டிங் நல்லா போச்சு. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். "பஸ்லதான் மேடம். டிக்கெட் குடுக்கறப்போ கண்டக்டர், 'நீதானாம்மா அது?'ன்னு கேட்டாரு. நல்ல மாதிரியாதான் கேட்டாரு. அப்புறம் பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. கம்பெனில முதலாளி, 'கொஞ்ச நாளைக்கு ஸ்டோர் ரூம்ல உக்காரும்மா, பேச்சு அடங்கட்டும்'னாரு. அவரும் நல்ல மாதிரியாதான் சொன்னாரு. பின்னால ஜன்னல்ல வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க."

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோம்மா. ஜனங்க மறந்துடுவாங்க."

"அப்பா சர்ச்சுக்குப் போக மாட்டேங்குறாரு மேடம். கேட்டைப் பூட்டியே வெச்சிருக்காரு." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நேத்து வேலைய விட்டுட்டேன்."

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"அவன் கேட்டதும் இதைத்தானே மேடம்?"

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. எங்களுக்கு ரிவார்டு கிடைத்தது. அந்தப் போட்டோ பல வருஷம் டி.எஸ்.பி. ஆபீஸ் சுவரில் தொங்கியது. அவள் கேட்டதற்கு மட்டும் இன்று வரை என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் உள்ளே போக எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று என்னிடம் கேளுங்கள்.